றொமுலஸை ஒருவரும் தேடவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் உரோமாபுரியை நிறுவிய றொமுலஸின் கதை வந்திருந்தது. ஆற்றில் விடப்பட்ட இரட்டைப் பிள்ளைகள், பால் கொடுத்த ஓநாய், மதில் கட்டியது, கடைசியில் ஒரு பெரும் புயல் வந்து மன்னனை மேகத்துக்குள் எடுத்துக்கொண்டுபோய்த் தெய்வமாக்கியது, சனம் மகிழ்ந்து கும்பிட்டது, அத்துடன் முற்றும். படமும் வடிவாகத்தான் இருந்தது. என் பேத்தி ஆறாம் வகுப்பு. பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் உருவி எடுப்பாள். அன்றைக்கும் வாசித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பப்பா, ராசா காணாமல் போனார் எண்டு போட்டிருக்கு, பிறகு ஒருத்தரும் தேடேல்லையோ?" என்று கேட்டாள்.

தேடினார்கள். தேடப் போனவர்களைத் தடுத்தும் விட்டார்கள். இரண்டையும் பழங்கால எழுத்தாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அது உங்கள் பக்கத்தில் இல்லாமல் போனது எனக்கு மிகவும் மனவருத்தம், அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்தவன். புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை எழுபதுகளில் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரவல் எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தேன், அந்தப் பிரதி 1981இல் மற்றச் சுமார் 97,000 நூல்களோடு எரிந்துபோயிருக்கும், ஆனால் றொமுலஸ் காணாமல் போன அந்தப் பகுதி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். றொமுலஸ் என்று ஒருவர் உண்மையில் வாழ்ந்தார் என்று இப்போதைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஊரின் பெயரை வைத்துப் பிறகு உண்டாக்கிய பெயர் என்பதுதான் பலருடைய கருத்து. ஊர் நிறுவியதாகச் சொல்லும் கி.மு. 753க்கும் லிவி என்ற உரோம வரலாற்றாசிரியர் எழுத உட்கார்ந்த காலத்துக்கும் நடுவில் ஏழு நூற்றாண்டு ஓடிவிட்டது. சரி, புராணம்தான். எங்களுக்கு யாழ்பாடி கதை இல்லையா, யாழ் வாசித்து மணற்றிடலைப் பரிசாகப் பெற்ற கதையை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா விடுகிறோம்? புராணத்தைப் புராணமாகச் சொல்வதில் பிழையே இல்லை. ஆனால் சொல்கிறதென்றால் அந்தச் சனம் சொன்ன மாதிரிச் சொல்ல வேண்டும். உரோமர்கள் இந்தக் கதையைச் சொன்னபோது அதற்குள் ஒரு சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னார்கள். நீங்கள் அதைக் கழற்றி எடுத்துவிட்டீர்கள்.

நடந்ததாகச் சொல்லப்படுவது இதுதான். நகரத்துக்கு வெளியே ஆட்டுச் சதுப்பு என்று ஓர் இடம். மன்னன் படையைப் பார்வையிட அங்கே கூட்டம் போட்டிருக்கிறான். புளூட்டார்க் சொல்லும் நாள் எங்கள் கணக்கில் யூலை 7. திடீரென்று வெயில் மங்கிப் பகல் இருட்டாகிறது, இடி, சுழல்காற்று. சனம் சிதறி நாலு பக்கமும் ஓடுகிறது. செனட் சபைப் பெரியவர்கள் மட்டும் ஓடவில்லை, ஒன்றாக நெருங்கி நின்றுகொண்டார்கள். வெளிச்சம் திரும்பியதும் சனம் ஓடிவந்து "மன்னர் எங்கே?" என்று தேடுகிறது. பெரியவர்கள் தேடவும் விடவில்லை, விசாரிக்கவும் விடவில்லை. அவர் தேவர்களிடம் எடுத்துக்கொள்ளப்பட்டார், நல்ல மன்னராக இருந்தவர் இனி நல்ல தெய்வமாக இருப்பார், கும்பிடுங்கள், என்றார்கள். உடம்பில் ஒரு துண்டோ, உடுத்த துணியில் ஒரு கிழிசலோ ஒருவர் கண்ணிலும் படவில்லை. கூட்டத்தில் பலர் நம்பி, சந்தோசமாகவே வீட்டுக்குப் போனார்கள். சிலர் போகவில்லை. கொன்றவர்கள் நீங்களே, எங்களுக்குப் பிள்ளைக் கதை சொல்கிறீர்கள், என்று பெரியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

லிவியும் இதைத்தான் சொல்கிறார், ஆனால் அவருடைய கை வேறு. வெறும் ஆசனத்தைப் பார்த்தபோது உரோம இளைஞர்கள் தகப்பனை இழந்த பிள்ளைகளைப்போலக் கொஞ்ச நேரம் வாய் திறவாமல் நின்றார்கள் என்று எழுதுகிறார். பிறகு அங்கொருவர் இங்கொருவராகத் தொடங்கி எல்லாரும் தெய்வம் என்று வாழ்த்துகிறார்கள். அதற்கு அடுத்த வரியில், மன்னரைப் பெரியவர்கள் கையாலேயே பிய்த்துப் போட்டார்கள் என்று வாய்க்குள்ளேயே குற்றம் சாட்டியவர்கள் அப்போதும் சிலர் இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன், அந்தப் பேச்சும் மெல்லக் கசிந்தது, என்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பெரியது. லிவி எழுதியது உரோமாபுரியின் பெருமையைச் சொல்லும் நூல், அதுவும் பேரரசன் அகஸ்டஸின் காலத்தில். அந்த நூலிலேயே நகரத்தைக் கட்டியவனின் சாவைப் பற்றிய கசிந்த பேச்சுக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். அவர் ஒதுக்கிய அந்த ஒரு வரியை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ஏன் மறைக்க வேண்டும்?

மூன்றாமவர் தியோனீசியஸ், கிரேக்கர். இவர் விட்டு விட்டுப் பேசவில்லை. மன்னரை அவருடைய சொந்த ஆட்களே கொன்றார்கள் என்று சொல்கிறவர்களின் கதைதான் கூடுதலாக நம்பக்கூடியது என்று எழுதிவிட்டு, காரணமும் சொல்கிறார். வெய்யி நகரத்துப் பணயக் கைதிகளைச் சபையைக் கேளாமல் திருப்பி அனுப்பினான். அயலூரில் கொள்ளையடித்தார்கள் என்ற குற்றத்துக்காகத் தன் குடிமக்களிலேயே ஒரு கூட்டத்தை மலையுச்சியில் இருந்து தள்ளிவிடச் சொன்னான், அவர்கள் சின்னக் குடும்பத்து ஆட்களும் அல்ல. வரவர மன்னனாக இல்லாமல் கொடுங்கோலனாக நடந்தான். ஆகவே சபை மண்டபத்துக்குள் வைத்தே கொன்று, உடலைத் துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்து இரகசியமாகப் புதைத்தார்கள். புளூட்டார்க் இதே பேச்சை வல்கன் கோயிலில் நடந்ததாகக் குறிக்கிறார். படைவீரருக்கு நிலத்தைத் தன் இட்டப்படி பிரித்துக் கொடுத்ததில் பெரியவர்களுக்கு வந்த கோபத்தையும் அவர் சொல்கிறார். சமாதான காலத்திலும் 300 ஆயுதக் காவலர் சூழத்தான் மன்னன் இருந்தான் என்பதையும், சபையைவிடச் சனத்துக்கும் படைக்கும்தான் அவன் பிரியமானவன் என்பதையும் லிவி முன்பே சொல்லிவிட்டார். ஆக, மன்னன் ஒரு அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. தன் சகோதரன் றீமஸ் மதிலைத் தாண்டிக் குதித்தான் என்பதற்காக அவனைக் கொன்றவன்தான் இவன். (உங்கள் பக்கத்தில் அதுவும் "சண்டையில் றீமஸ் இறந்தான்" என்று ஒரே வரியில் போய்விட்டது.)

றொமுலஸின் சாவால் ஆருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அடுத்த மன்னன் நூமா வரும்வரை ஒரு வருடம் சிம்மாசனம் காலி. அந்த ஒரு வருடமும் செனட் சபை ஆட்களே முறை வைத்து ஐந்து ஐந்து நாளாக ஆண்டார்கள். சனம் முணுமுணுத்தது. அடிமைத்தனம் பெருகிவிட்டது, ஒரு எசமானுக்குப் பதிலாக நூறு எசமான் வந்துவிட்டான், என்று. இதுவும் லிவிதான்.

இனி, புறோகுலஸ் யூலியஸ். எங்கள் வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். நகரம் குமுறிக்கொண்டிருக்கிறது. அப்போது இந்த மனுசன் சந்தைவெளிக்கு வந்து, புனிதப் பொருள்களைத் தொட்டுச் சத்தியம் செய்து, நான் வழியில் றொமுலஸைக் கண்டேன் என்கிறார். முன்னையைவிட உயரமாக, அழகாக, பளபளக்கும் கவசத்தோடு எதிரே வந்தாராம். கண்டவுடன் இவர் கேட்ட கேள்வியைப் புளூட்டார்க் பதிந்திருக்கிறார். மன்னா, எங்களை அநியாயமான பழிச்சொல்லுக்கு ஆளாக்கிவிட்டு, நகரத்தையும் முடியாத துக்கத்தில் விட்டுவிட்டு ஏன் போனீர்? என்பதுதான் அந்தக் கேள்வி. செத்துப்போன, அல்லது மறைந்துபோன, தன் சிநேகிதனை வழியில் காண்கிற ஒருவர் முதலில் கேட்பது பெரியவர்கள் மேல் விழுந்த பழியைப் பற்றி! சனத்தின் துக்கம் இரண்டாவதுதான் வருகிறது. இந்த ஒழுங்கை என்னிடம் படித்த பிள்ளைகள் தாங்களாகவே பிடித்திருக்கிறார்கள், நான் சொல்லிக் கொடுக்காமலே. ஒரு கதையை முழுமையாகக் கொடுத்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

மன்னர் சொன்ன பதில், தான் வானத்தில் இருந்து வந்தவன், திரும்பிப் போகிறேன், உரோமர்கள் அடக்கத்தோடும் வீரத்தோடும் இருந்தால் மனிதரால் ஏறக்கூடிய உச்சத்துக்கு ஏறுவார்கள், நான் இனிக் குயிரினஸ் என்ற தெய்வமாக உங்களுக்குத் துணை நிற்பேன், என்பது. சனம் அமைதியானது. அந்த ஒரு ஆளின் வார்த்தைக்கு எவ்வளவு நம்பிக்கை கிடைத்தது என்பது வியப்பு என்கிறார் லிவி. சிசரோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். தங்கள் மேல் இருந்த பழியைத் துடைப்பதற்காகச் சபைப் பெரியவர்கள் தூண்டிவிட்டுத்தான் புறோகுலஸ் அப்படிப் பேசினார் என்று சொல்லப்படுகிறது, என்று எழுதுகிறார். சிசரோ ஆர்? அவரே செனட் சபை உறுப்பினர்! தன் சபையின் முன்னோர் மேல் விழுந்த சந்தேகத்தைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். புளூட்டார்க் புறோகுலஸை உயர்குடியாளர் என்கிறார், சிசரோ நாட்டுப்புறத்து மனுசர் என்கிறார், சாட்சியின் அடையாளமே இரண்டு விதம். யூலியஸ் என்பது பிற்காலத்தில் சீசர் பிறந்த குடும்பத்தின் பெயர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். றொமுலஸ் மறைந்த அந்த மாதத்துக்கு முதலில் குயின்டிலிஸ் என்றுதான் பெயர், சீசரின் நினைவாகத்தான் யூலை ஆனது. அந்தச் சீசரையும் கி.மு. 44இல் செனட் உறுப்பினர்களே சபை கூடிய இடத்தில் 23 இடத்தில் குத்திக் கொன்றார்கள், அவரும் பிறகு தெய்வமாக்கப்பட்டார். றொமுலஸைச் சபையினர் கொன்ற கதைக்கு அந்தக் கொலைக்குப் பிறகு கூடுதல் நிறம் ஏறியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். இருக்கலாம்.

சைவர்களான எங்களுக்கு உடம்போடு மறைகிற கதை புதிதல்ல. திருநல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தர் சோதியில் கலந்தார், தில்லையில் மாணிக்கவாசகர் திருவாசகத்துக்குப் பொருள் இதுவே என்று கூத்தனைக் காட்டி மறைந்தார். நானும் சின்ன வயதில் நாவலர் பெருமானின் பெரியபுராண வசனத்தைக் கேட்டு வளர்ந்தவன்தான், இன்றைக்கும் அந்த இடங்களில் எனக்குக் கண் கலங்கும். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். சம்பந்தர் கலியாணத்துக்கு வந்த சனம் முழுவதையும் சோதிக்குள் புகவிட்டுத்தான் கடைசியில் தான் புகுந்தார், வாசலில் நின்று "எங்கே அவர்?" என்று கேட்க ஒருவரும் மிச்சமில்லை. ஆட்டுச் சதுப்பில் சனம் வெளியே நின்றது, பக்கத்தில் நின்றவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்கள். அதைவிட, நந்தனார் தீயில் இறங்கியதைப் பற்றித் தமிழில் எவ்வளவு காலமாக வாதம் நடக்கிறது! அதனால் ஆருடைய பக்தியும் குறைந்துபோகவில்லை. புளூட்டார்க்கும் பக்தி இல்லாதவர் அல்ல, தெல்பிக் கோயிலில் பூசகராக இருந்தவர். நல்லவர்களின் ஆன்மா மேலே போகும் என்பதை நம்பினார், உடம்பையும் சேர்த்து வானத்துக்கு அனுப்புவது இயற்கைக்கு ஒவ்வாது என்று எழுதினார்.

இதற்குப் பிறகு புளூட்டார்க் சொல்கிற ஒரு சின்னத் தகவல்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் உரோமர்கள் நகரத்தை விட்டு வெளியே ஆட்டுச் சதுப்புக்குப் பலியிடப் போவார்களாம். போகிற வழியில் மார்க்கஸ், லூசியஸ், காயஸ் என்று பெயர்களை உரத்துக் கூப்பிடுவார்களாம், அன்றைக்கு இருட்டில் ஓடிய சனம் பயத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டதன் நினைவாக. அந்தப் பெயர்களில் றொமுலஸ் இல்லை. எல்லாம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாண இடப்பெயர்வில் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்துக்கு நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மழை, இருட்டு, ஒரு அடி வைக்க முடியாத நெரிசல், காது நிறையப் பெயர்கள். என் மகனுக்கு அப்போது 9 வயது. சைக்கிளைப் பிடித்திருந்த கை எப்போது நழுவியது என்று தெரியாது, திரும்பிப் பார்த்தேன், பிள்ளை இல்லை. தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டேன், என்னைச் சுற்றி இன்னும் நூறு பேர் நூறு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எந்தப் பிள்ளைக்கு எது கேட்டிருக்கும்? அடுத்த நாள் காலையில் கைதடியில் முன்பின் தெரியாத ஒரு அம்மா அவனைத் தன் மூட்டையின் மேல் இருத்திவைத்து விசுக்கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் மகள்தான் இப்போது என்னிடம் வந்து "ஒருத்தரும் தேடேல்லையோ" என்று கேட்டவள். அவளுக்கு அந்த இரவைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. அவளாகவே கேட்டாள்.

எங்களுக்குப் பிள்ளை கிடைத்தான். கிடைக்காத வீடுகள் எத்தனை, படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வீதியோரத்தில் இருக்கிற தாய்மாரை நீங்களும்தானே உங்கள் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அந்தத் தாய்மாரிடம் ஆரும் வந்து, உங்கட பிள்ளை நல்ல இடத்துக்குப் போய்விட்டான், இனித் தேடாதேங்கோ, என்று சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்களா? முதல் பக்கத்தில் அவர்களை நிறுத்திவிட்டு, உள்ளே சிறுவர் பக்கத்தில் ஒரு மன்னன் காணாமல் போனான், சனம் மகிழ்ந்து கும்பிட்டது என்று எழுதும்போது உங்கள் பக்கம் தயாரிக்கிற பிள்ளைகள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. இணையத்தில் கிடைத்த சுருக்கத்தை அப்படியே தமிழாக்கியிருப்பார்கள். ஆனால் இந்த மண்ணில் இருந்து வெளிவருகிற பத்திரிகை, இந்தக் கதையில் அந்த ஒரு கேள்வியை விடக்கூடாது.

இன்னும் ஒரு விசயம், பிள்ளைகளுக்கு இது கட்டாயம் பிடிக்கும். உரோமாபுரியின் பழைய சந்தைவெளியில், செனட் மண்டபத்துக்கு முன்னால், கறுப்புக் கல் பாவிய ஒரு இடம் உண்டு. றொமுலஸின் சாவோடு தொடர்புபட்ட கெட்ட இடம் அது என்று பழைய நூல் ஒன்று சொல்லும், வேறு ஆட்களின் பெயரையும் அதே நூல் சொல்லும். 1899இல் ஜாக்கோமோ போனி என்ற தொல்லியலாளர் அந்த இடத்தை வெளிக்கொணர்ந்தார். கல்லுக்குக் கீழே மிகப் பழைய இலத்தீன் கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது. அதற்குக் கிட்டவாக, செனட் மண்டபப் படிகளுக்கு அடியில், 1.4 மீற்றர் நீளமான ஒரு கல்பெட்டி இருப்பதை 2020 பெப்ரவரியில் உலகத்துக்குக் காட்டினார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பக்கத்தில் பலிபீடம்போல ஒரு வட்டக் கல். றொமுலஸின் நினைவிடமாகக் கும்பிட்டிருக்கலாம் என்றார்கள், அவருடைய கல்லறை என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் எலும்பு ஒன்றும் இல்லை. தெய்வமாகிவிட்டார் என்று நம்பிய ஊர்தான் அவருக்கென்று ஒரு இடத்தையும் வைத்துக் காத்திருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் பெரிதில்லை. அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், றொமுலஸ் கதையின் கடைசிப் பகுதியை இன்னொரு தரம் போடுங்கள். இரத்தத்தை விவரிக்கத் தேவையில்லை. புயல் வந்தது, பெரியவர்கள் இப்படிச் சொன்னார்கள், சிலர் நம்பவில்லை, புறோகுலஸ் என்பவர் வந்து இப்படிச் சாட்சி சொன்னார், வருடம் தோறும் சனம் போய்ப் பெயர்களைக் கூப்பிட்டது, இவ்வளவும் போதும். எழுதித் தரச் சொன்னால் ஒரு சதமும் வாங்காமல் எழுதித் தருகிறேன். படத்துக்கும் நீங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. நான் முழுக் கதையையும் சொன்ன அன்று பின்னேரமே பேத்தி தன் வரைதல் கொப்பியில் ஆட்டுச் சதுப்பைக் கீறிவிட்டாள். மேகம் ஒரு மூலையில் சின்னதாகத்தான் இருக்கிறது. மிச்சத் தாள் முழுக்கச் சனம், எல்லாருடைய வாயும் திறந்திருக்கிறது. அதையும் இத்துடன் வைத்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள், அவளுக்கு அந்தக் கொப்பி பள்ளிக்கூடத்துக்குத் தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில்.